ரெண்டு சீட்டு, ஒரு பம்ப், 167 உயிர்

ஆலையில் வேலை பார்த்தவங்களுக்கு மார்ச் 4 என்ன நாள்னு சொல்லத் தேவையில்லை. தேசியப் பாதுகாப்பு நாள். 1966ல் இதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஆரம்பிச்சாங்க. அதை வச்சு வருஷா வருஷம் சட்டையில் பேட்ஜ், வாசகப் போட்டி, கையை நீட்டி ஒரு உறுதிமொழி, கடைசியில் ஒரு ஸ்வீட், ஒரு காரம். நானும் பல வருஷம் அந்த வரிசையில் நின்னவன்தான். ஸ்வீட் நல்லாவே இருக்கும் :-)

ஆனா ஆலைக்குள்ள போன ஆள் சாயங்காலம் முழுசா வீடு திரும்புறது அந்த உறுதிமொழியால இல்லைங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எழுதற ஒரு சாதாரணச் சீட்டால. அந்தச் சீட்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு. குறிப்பா, 1988ல் வடகடலில் அந்தச் சீட்டை ஒழுங்கா எழுதியும் 167 பேர் செத்துப்போன கதை. நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பெர்மிட்னா என்ன?

ஆலைப் பக்கம் போகாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரசாயன ஆலை, சுத்திகரிப்பு நிலையம், மின் நிலையம் மாதிரி இடங்களில் யாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு நேரா போய் எதையும் கழட்ட முடியாது. வெல்டிங் பண்ணணுமா, டாங்க்குக்குள்ள இறங்கணுமா, உயரத்தில் ஏறணுமா, ஓடிக்கிட்டிருந்த பம்பைப் பிரிக்கணுமா, எல்லாத்துக்கும் முதலில் 'ஒர்க் பெர்மிட்' வாங்கணும். எந்த இடம், என்ன வேலை, என்ன ஆபத்து, எந்த வால்வை மூடியாச்சு, எந்த ஃபியூஸைப் பிடுங்கியாச்சு, எத்தனை மணி வரைக்கும் செல்லும், யார் கொடுத்தது, யார் வாங்கினது, எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்து 'முடிஞ்சது'ன்னு கையெழுத்துப் போடணும்.

ஆலை வேண்டாம், தெருவுக்கு வாங்க. கம்பத்தில் ஏறுறதுக்கு முன்னாடி லைன்மேன் 'எல்.சி.' வாங்குவார், கேள்விப்பட்டிருப்பீங்க. லைன் கிளியர். இன்ன லைனில் மின்சாரத்தை நிறுத்தியாச்சு, நீ ஏறலாம்னு ஒரு உறுதி. விவரமான லைன்மேனா இருந்தா அதோட நிக்க மாட்டார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் பையிலயே போட்டுக்கிட்டுத்தான் மேலே ஏறுவார். கீழே எவனாவது வந்து 'என்னடா கரண்ட் இல்லை'ன்னு மாட்டிடக் கூடாது, இல்லீங்களா? எல்.சி. ஒரு பேச்சு. பையில் இருக்கிற கேரியர்தான் பூட்டு.

யோசிச்சுப் பார்த்தா இந்தச் சீட்டு மூணே மூணு கேள்விதான் கேட்குது.

1. இந்த வேலையில் என்ன ஆபத்து இருக்கு?
2. அதைக் குறைக்க என்ன செஞ்சு வச்சிருக்கோம்?
3. இந்த விஷயம் வேற யாருக்கெல்லாம் தெரிஞ்சாகணும்?

முதல் ரெண்டையும் எல்லா இடத்திலும் கேட்கிறாங்க. மூணாவதைத்தான் கோட்டை விடறாங்க. பைப்பர் ஆல்ஃபா இந்த மூணாவது கேள்வியின் கதை.

கடலுக்கு நடுவுல ஒரு ஊர்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர். அங்கே 144 மீட்டர் ஆழக் கடலில் இரும்புக்கால் ஊன்றி நின்ன எண்ணெய் மேடைதான் பைப்பர் ஆல்ஃபா. ஆக்ஸிடென்டல் பெட்ரோலியம் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் பிரிட்டிஷ் கிளை அதை நடத்திச்சு. 1976 கடைசியில் எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சாங்க. உச்சத்தில் நாளுக்கு 3 லட்சம் பீப்பாய்க்கு மேல் வந்துச்சு.

முதலில் அது எண்ணெய்க்கு மட்டும் கட்டின மேடை. ஆபத்தான பகுதி ஒரு ஓரம், ஆட்கள் தங்கும் பகுதி எதிர் ஓரம்னு யோசிச்சுத்தான் வரிசை வச்சிருந்தாங்க. நடுநடுவே தடுப்புச் சுவர். பிறகு எரிவாயுவையும் பிரிச்சு அனுப்பணும்னு முடிவாச்சு. அதுக்கான இயந்திரங்களை எங்கே வச்சாங்கன்னு பாத்தா, கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில். தடுப்புச் சுவரெல்லாம் தீயைத் தாங்கத்தான் கட்டினது, வெடிப்பைத் தாங்க இல்லை. எண்ணெய் மெதுவா எரியும், வாயு வெடிக்கும். வேலையின் தன்மை மாறிப்போச்சு, சுவர் மாறல.

இங்கே கண்டன்சேட்னு ஒரு சமாசாரம் உண்டு. வாயுவிலிருந்து பிரிஞ்சு வர்ற திரவம். நம்ம சமையல் காஸ் சிலிண்டருக்குள்ள குலுங்குதே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. அழுத்தம் குறைஞ்சா சட்டுன்னு வாயுவாகிப் பரவும். இதைத் தள்ள ரெண்டு பம்ப், ஏ-ன்னு ஒண்ணு, பி-ன்னு ஒண்ணு. ஒண்ணு ஓடும், ஒண்ணு காத்திருக்கும். அன்னிக்கு ஓடினது பி.

1988 ஜூலை 6

காலையில் ஏ பம்பை நிறுத்தினாங்க, பராமரிப்புக்காக. அதுக்கு ஒரு பெர்மிட் எழுதினாங்க. மின் இணைப்பைத் துண்டிச்சாச்சு. ஆனா பம்பைப் பிரிக்கிற வேலை அன்னிக்கு ஆரம்பிக்கவே இல்லை.

அதே பம்ப் குழாயில் ஒரு சேஃப்டி வால்வு உண்டு. குக்கர் மூடியில் இருக்குமே, அதே தத்துவம். அழுத்தம் எல்லை மீறினா தானே திறந்து வெளியே விடும். 'பம்ப்தான் சும்மா நிக்குதே, இந்தச் சாக்கில் வால்வைச் சோதிச்சிடலாம்'னு அதையும் கழட்டினாங்க. அது வேற குழு, ஒப்பந்தக்காரர் ஆட்கள். அதனால அதுக்கு வேற பெர்மிட்.

சாயங்காலம் ஆறு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம். வால்வைச் சோதிச்சாச்சு, ஆனா திருப்பி மாட்ட நேரமில்லை. நாளைக்குப் பாத்துக்கலாம்னு நிறுத்தினாங்க. வால்வு இருந்த இடத்தில் குழாயின் வாயை ஒரு வட்டத் தகடு போட்டு மூடியிருந்தாங்க. பிளைண்ட் ஃபிளேஞ்ச்னு சொல்வோம். போல்ட்டை முழுசா முறுக்காம மாட்டியிருந்ததால் அந்தத் தகடு கசிவைத் தாங்கும் நிலையில் இல்லைன்னு பிற்பாடு விசாரணை முடிவுக்கு வந்துச்சு. பம்ப் ஓடாத வரைக்கும் பிரச்சினை இல்லை. குழாயில் அழுத்தமே இருக்காதே.

பெர்மிட்டை ஒப்படைக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனப்போ, பகல் ஆட்கள் ராத்திரி ஆட்களிடம் வேலையை ஒப்படைச்சுக்கிட்டிருந்த மும்முரம். நேருக்கு நேர் பேச்சு நடக்கலை. சீட்டு மட்டும் போய்ச் சேர்ந்துச்சு. அங்கே வழக்கமும் ஒரு மாதிரி. பாதியில் நிறுத்தி வச்ச வேலைகளின் பெர்மிட் கட்டுப்பாட்டு அறையில் இருக்காது, பாதுகாப்பு அலுவலகத்தில் இருக்கும். அடுக்கி வச்சிருந்ததும் எந்த இடத்தில் வேலைங்கற கணக்கில், எந்த இயந்திரங்கற கணக்கில் இல்லை.

இங்கேதான் கவனிக்கணும். பம்ப் இருந்தது கீழ்த்தளம். வால்வு இருந்தது மேல்தளம். பம்புக்குப் பக்கத்தில் நிக்கிறவன் அண்ணாந்து பார்த்தாலும் அந்த வால்வு இருக்கா இல்லையான்னு தெரியாது. இடக் கணக்கில் அது வேற இடம். குழாய்க் கணக்கில் ஒரே குழாய்.

ஒரே பம்ப், ரெண்டு சீட்டு. ஒரு சீட்டில்கூட இன்னொரு சீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

கால் மணி நேரம்

ராத்திரி 9:45 வாக்கில் பி பம்ப் நின்னுபோச்சு. திருப்பித் திருப்பி முயற்சி பண்ணியும் ஓடலை. நேரமும் அதிகம் இல்லை. மேடைக்கான மின்சாரமே அந்த வாயுவில்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பம்ப் ஓடலைன்னா வாயு வரத்து நிக்கும், அப்புறம் மின்சாரமும் போகும் நிலைமை. நடுக்கடலில் ஒரு மேடை மொத்தமா இருட்டில் மூழ்கினா திரும்ப எழுப்புறது லேசான காரியமில்லை.

அப்போ ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் என்ன செஞ்சாங்க? அவசரத்தில் ஓடிப்போய் ஏ பம்பைத் தட்டிவிட்டாங்களா? இல்லைங்க. பெர்மிட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாங்க! நாம எதைச் செய்யச் சொல்றோமோ அதைத்தான் செஞ்சாங்க. கையில் கிடைச்சது பம்ப் பராமரிப்புச் சீட்டு. அதில் உண்மைதான் இருந்துச்சு. பம்பை இன்னும் பிரிக்கவே இல்லை, அப்படியேதான் நிக்குது. அப்ப மின் இணைப்பைக் கொடுத்தா ஓட்டலாமே.

வால்வுச் சீட்டு அவங்க கண்ணில் படலை.

பத்து மணிக்குச் சற்று முன்னாடி ஏ பம்புக்கு உயிர் கொடுத்தாங்க. தளர்வா மூடியிருந்த தகடு வழியா வாயு கசிஞ்சு, பத்து மணிக்கு முதல் வெடிப்பு. பம்புக்கிட்ட நின்னவங்க உயிரோட இல்லை. அதனால இதெல்லாம் பிழைச்சவங்க சாட்சியத்தையும் மத்த தடயங்களையும் வச்சு, பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்னு விசாரணை கண்ட முடிவு.

இந்தச் சம்பவத்தைப் படிக்கிறப்போ எனக்கு ரொம்ப உறைக்கிற இடம் இதுதான். விபத்துன்னா உடனே 'அஜாக்கிரதை'ன்னு ஒரு வார்த்தையைப் போட்டு முடிச்சிடறோம். இங்கே ஆட்கள் ஜாக்கிரதையாத்தான் இருந்தாங்க. தேடினாங்க, படிச்சாங்க, அப்புறம்தான் ஓட்டினாங்க. பாதி உண்மை எழுதின சீட்டு ஒரு பொய்ச் சீட்டு செய்யற வேலையைச் செஞ்சிடுச்சு.

பத்து மணிக்கு மேல்

வெடிச்ச வேகத்தில் தடுப்புச் சுவர் பிளந்துச்சு. கட்டுப்பாட்டு அறை அதோட காலி. எண்ணெய் பிடிச்சு எரிய ஆரம்பிச்சுது.

தீயணைக்கும் பம்ப் தானா ஓடியிருக்கணும். ஓடலை. ஏன்னா அதைக் கையால் மட்டும் இயக்கும் நிலையில் வச்சிருந்தாங்க. அதுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு. கோடைக்காலத்தில் முக்குளிக்கிறவங்க தண்ணிக்குள்ள வேலை செய்வாங்க. பம்ப் திடீர்னு ஓடினா உறிஞ்சும் வாய்க்குள்ள ஆள் இழுபட்டுடுவான். நல்ல யோசனைதான். ஆனா உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் அப்படிச் செஞ்சா போதும்னு முன்னாடியே ஒரு தணிக்கை சொல்லியிருந்துச்சு. அதை யாரும் நடைமுறைக்குக் கொண்டுவரலை. ஒரு ஆபத்தைக் குறைக்கப் போட்ட ஏற்பாடு இன்னொரு ஆபத்தைப் பெருசாக்கிச்சு.

அக்கம்பக்கத்தில் டார்ட்டன், கிளேமோர்னு ரெண்டு மேடை. அவையும் பைப்பரும் குழாயால் இணைஞ்சவை. பைப்பர் எரியறது தெரிஞ்சும் அங்கேயிருந்து உற்பத்தி உடனே நிக்கலை. 10:20க்கு டார்ட்டனிலிருந்து வந்த வாயுக்குழாய் சூட்டில் வெடிச்சுது. அதுக்கப்புறம் அந்த மேடையைக் காப்பாத்த வழியே இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் மத்த வாயுக்குழாய்களும் வெடிச்சு, தங்குமிடத்தோட பெரும் பகுதி கடலுக்குள்ள போச்சு.

மேடையில் அன்னிக்கு 226 பேர். விதிப்படி பலர் தங்குமிடத்தில் கூடி ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தாங்க. புகையில் ஹெலிகாப்டர் வரவே முடியலை. செத்தவங்களில் பெரும்பாலோர் தீயில் இல்லை, புகையில் மூச்சு முட்டித்தான். காத்திருக்காம கயிறு, ஏணி பிடிச்சு இறங்கினவங்க, அவ்வளவு உயரத்திலிருந்து கடலில் குதிச்சவங்கன்னு 61 பேர் பிழைச்சாங்க. மேடையில் இருந்த 165 பேரும், அவங்களைக் காப்பாத்தப் படகில் வந்தவங்களில் 2 பேரும் போயிட்டாங்க. மொத்தம் 167. கடல் எண்ணெய்த் தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிர்ச்சேதம் கிடையாது.

அந்த 226 பேரில் பெரும்பாலானவங்க கம்பெனியின் நேரடி ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

முன்னாடியே தெரியாதா?

விசாரணைக்கு லார்ட் கல்லன் என்கிற ஸ்காட்லாந்து நீதிபதி தலைமை. ரொம்ப நாள் சாட்சியம் கேட்டு, 1990 நவம்பரில் அறிக்கை வந்துச்சு. அதில் திரும்பத் திரும்ப வர்ற விஷயம், இதெல்லாம் யாருக்கும் தெரியாத ஆபத்தா என்பது. இல்லைங்கறதுதான் பதில்.

1987 செப்டம்பரில் இதே மேடையில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி விபத்தில் செத்தார். அந்த வழக்கில் கம்பெனி குற்றத்தை ஒத்துக்கிச்சு. அப்பவே வெளியே வந்த குறைகள் என்ன தெரியுமா? பெர்மிட் முறையும், ஷிஃப்ட் மாறும்போது விஷயத்தை ஒப்படைக்கிற முறையும்! பத்து மாசம் கழிச்சு அதே ரெண்டு குறை, 167 பேர்.

வாயுக்குழாய்கள் நீண்ட நேரம் எரிஞ்சா மேடை தாங்காதுன்னு முந்தின வருஷங்களிலேயே கம்பெனிக்குள்ள ஒரு ஆய்வு எச்சரிச்சிருந்துச்சு. அப்படி நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு ஒதுக்கினாங்க. 1988 ஜூனில், அதாவது எரியறதுக்கு முந்தின மாசம், அரசாங்க ஆய்வாளரும் வந்து பார்த்துட்டுப் போனார். அந்த ஆய்வு மேலோட்டமானதுன்னு கல்லன் கடுமையாவே எழுதினார்.

பெர்மிட் விதிகள் எழுத்தில் நல்லாத்தான் இருந்துச்சு. நடப்பில் தினமும் மீறிக்கிட்டிருந்தாங்க. பல வேலையை ஒரே சீட்டில் போடறது, முடிஞ்ச வேலையைப் போய்ப் பார்க்காமலே கையெழுத்துப் போடறது, நேரில் ஒப்படைக்காம மேஜையில் வச்சிட்டுப் போறது. மேலே இருந்த நிர்வாகிகள் என்ன நினைச்சாங்கன்னா, புகார் எதுவும் வரலை, அப்ப எல்லாம் சரியாத்தான் நடக்குதுன்னு. இந்த மௌனத்தை நம்பினதைத்தான் கல்லன் பெரிய குறையாச் சொன்னார்.

கிரிமினல் வழக்கு? யார் மேலயும் போடலை. 1991ல் ஆக்ஸிடென்டல் தன்னோட வடகடல் சொத்துக்களை எல்ஃப் என்கிற பிரெஞ்சுக் கம்பெனிக்கு வித்துட்டுக் கிளம்பிடுச்சு.

அப்புறம் என்ன மாறுச்சு?

கல்லன் 106 பரிந்துரை கொடுத்தார். அத்தனையும் ஏத்துக்கிட்டாங்க. கடல் மேடைகளின் பாதுகாப்புப் பொறுப்பை எரிசக்தித் துறையிடமிருந்து எடுத்து, பிரிட்டனின் பொதுப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தாங்க. எண்ணெய் உற்பத்தியைப் பெருக்க வேண்டிய துறையே பாதுகாப்பையும் பார்த்துக்கிட்டிருந்தா எப்படின்னு காரணம்.

1992ல் 'சேஃப்டி கேஸ்' விதிகள் வந்துச்சு. அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டு, அதில் டிக் அடிச்சுக்கிட்டே போன காலம் முடிஞ்சுது. உன் மேடையில் என்னென்ன ஆபத்துன்னு நீயே கண்டுபிடி, அதை எப்படிக் குறைச்சிருக்கேன்னு நீயே எழுதி நிரூபி, ஏத்துக்கிட்டாத்தான் மேடை ஓடும். இதுக்கு வித்து 1972லயே பிரிட்டனில் ராபன்ஸ் குழு அறிக்கையில் இருந்துச்சு. ஆபத்தை உண்டாக்குறவனும் அதோட வாழறவனும்தான் அதைக் குறைக்க முதல் பொறுப்புன்னு அந்தக் குழு சொல்லிச்சு. அந்த அறிக்கையிலிருந்துதான் 1974 சட்டம் பிறந்துச்சு. கடல் மேடைகளில் அதை முழுசாக் கொண்டுவர 167 உயிர் தேவைப்பட்டுச்சு.

பெர்மிட்டில் என்ன மாறுச்சுன்னா, ஒரே குழாயைத் தொடற சீட்டுகள் ஒண்ணையொண்ணு காட்டணும். பாதியில் நிறுத்தின வேலையின் சீட்டு, இயக்குறவர் கண்ணில் படற இடத்தில் இருக்கணும். ஷிஃப்ட் மாறும்போது நின்னு, நேருக்கு நேர் பேசி ஒப்படைக்கணும். எல்லாத்துக்கும் மேல பூட்டு. பிரிச்சு வச்ச குழாய்க்கு வர்ற வால்வில் பூட்டும், 'ஓட்டாதே' அட்டையும் தொங்கணும். நம்ம லைன்மேன் பையில் போட்டுக்கிட்ட ஃபியூஸ் கேரியர்தான் இது. சீட்டைப் படிக்காதவனையும் பூட்டு நிறுத்தும்.

நம்ம பக்கம்

நம்ம நாட்டுக்கு இந்தப் பாடம் முன்னாடியே வந்துச்சு, இன்னும் கொடூரமா. 1984 டிசம்பர் 2 ராத்திரி, போபால். தொட்டிக்குள்ள தண்ணி எப்படிப் போச்சுங்கறதில் சர்ச்சை உண்டு, கம்பெனி அதைச் சதிவேலைன்னு சொல்லிச்சு. ஆனா அன்னிக்குக் குழாய் கழுவறதுக்கு முன்னாடி தண்ணி அந்தப் பக்கம் போகாம தடுக்கிற தகட்டைச் செருகலைன்னு தொழிலாளர்கள் சொன்னாங்க. தொட்டியைக் குளிர வைக்கிற இயந்திரம் மாசக்கணக்கா நின்னு கிடந்துச்சு. கசியற வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போற குழாயும் இணைப்பில் இல்லை. தகடு, வால்வு, துண்டிச்ச குழாய். பைப்பரில் பாத்த அதே சாமான்கள்தான்.

அதுக்கப்புறம் 1986ல் எண்ணெய்த் தொழிலுக்குன்னு பாதுகாப்பு இயக்ககம் ஒண்ணை மத்திய அரசு அமைச்சுது. அவங்க வெளியிட்ட தரங்களில் 105ஆம் எண் முழுக்க முழுக்க ஒர்க் பெர்மிட்டைப் பத்தினது. 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, உடனடி ஆபத்து இருக்குன்னு தொழிலாளி நினைச்சா அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர உரிமை உண்டுன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. எழுத்தில் நமக்கு ஒரு குறையும் கிடையாது.

நடப்பு? நான் வேலை பார்த்த இடங்களில் கண்டதைச் சொல்றேன், பேர் வேண்டாம். நேத்துப் பெர்மிட்டைப் பார்த்து இன்னிக்குப் பெர்மிட் எழுதுவாங்க, தேதி மட்டும் மாறும். டாங்க்குக்குள்ள இறங்கற வேலைக்கும், வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கும் ஆபத்துப் பத்தியில் ஒரே வாசகம். சில இடத்தில் காலையிலேயே பத்துச் சீட்டில் மொத்தமா கையெழுத்து வாங்கி வச்சுக்குவாங்க, சாயங்காலம் வரைக்கும் ஆளைத் தேட வேண்டாமேன்னு.

அதுக்கு நேர்மாறா ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜையும் பார்த்திருக்கேன். அறையில் உட்கார்ந்து ஒரு சீட்டில்கூடக் கையெழுத்துப் போட மாட்டார். "வாங்க, போய்ப் பாத்துட்டுப் போடலாம்"னு எழுந்து நடப்பார். ஸ்பாட்டில் நின்னு, ஹெல்ப்பர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இது தானா ஓடிச்சுன்னா நீ எந்தப் பக்கம் ஓடுவே?"ன்னு கேட்பார். அந்தப் பையன் பதில் சொன்ன பிறகுதான் பேனா வெளியே வரும். அவரை எல்லாரும் 'லேட்டு பார்ட்டி'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அவர் ஷிஃப்ட்டில் ஒருத்தருக்கும் அடிபட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஹெல்ப்பர் பையன்தான் எனக்கு முக்கியம். நான் பார்த்த பெர்மிட்டெல்லாம் ஆங்கிலத்தில். எழுதறவருக்கு ஆங்கிலம் தெரியும், கையெழுத்துப் போடறவருக்கும் தெரியும். குழாயைக் கழட்டப்போற பையன் படிக்கிறது தமிழ், இல்லைன்னா இந்தி, ஒடியா. நாளைக்கு வேற ஒப்பந்தக்காரரிடம் போயிடுவான். ஆபத்தை எழுதறது ஒருத்தர், ஆபத்தில் நிக்கிறது இன்னொருத்தர். பைப்பரிலும் பெரும்பாலானவங்க ஒப்பந்த ஆட்கள்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். சீட்டு அவங்களுக்குப் போய்ச் சேராத வரைக்கும் அது நிர்வாகத்தைக் காப்பாத்துற காகிதம். ஆளைக் காப்பாத்தாது.

கடைசியா

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் கணினித் துறை ஆசாமிகள்னு தெரியும். 'இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்'னு நினைக்காதீங்க. ஒரே சர்வரில் ரெண்டு பேர் ரெண்டு மாற்றம் செய்யறாங்க, ரெண்டு டிக்கெட், ஒண்ணுக்கு இன்னொண்ணைத் தெரியாது. ராத்திரி ஷிஃப்ட் ஆள் ஒரு டிக்கெட்டைப் படிச்சுட்டு மறுபடி ஓட்டறார். கதை அதேதான். உங்க பக்கம் பெரும்பாலும் உயிர் போகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆலையில் இருக்கிற நண்பர்களுக்குப் புதுசாச் சொல்ல எதுவும் இல்லை, நீங்களே தினமும் எழுதறவங்க. நாளைக்குப் பெர்மிட் எழுதி முடிச்சதும் பேனாவை மூடாம, இன்னும் ஒரே ஒரு நிமிஷம் யோசிங்க. நான் இப்ப கழட்டி வச்சிருக்கிறதைத் தெரியாம ஓட்டக்கூடியவர் யார்? அவர் எந்த ஷிஃப்ட்? எந்தச் சீட்டை எடுத்துப் பார்ப்பார்? அந்தச் சீட்டில் இது இருக்கா?

இல்லைன்னா எழுந்து போய் அவர்கிட்ட வாயால சொல்லிட்டு, ஒரு பூட்டையும் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. பஸ் போனா அடுத்த பஸ் வரும்.